நடு நெஞ்சில் வலித்தால் கேஸ் என்று யார் சொன்னது?

இந்த வாரமும் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. ராத்திரி முழுக்கச் சோடாவும் ஓமத் தண்ணீருமாக ஓட்டிவிட்டு விடிந்ததும் வந்திருக்கிறார். "இடது பக்கம் ஒண்ணுமே இல்ல டாக்டர், நடுவுலதான் வலி. அதான் கேஸுன்னு விட்டுட்டேன்." ஈசிஜி எடுத்தால், இதயத்தின் கீழ்ச் சுவரில் மாரடைப்பு.

சினிமாவில் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்தே நம்மைக் கெடுத்துவிட்டார்கள். இதயம் இருப்பது மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில். மூடிய கைமுட்டி அளவு, சுமார் 300 கிராம். சரிந்து கிடப்பதால் மூன்றில் இரண்டு பங்கு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், அவ்வளவுதான். மார்பெலும்பின் வலது ஓரத்தைத் தாண்டியும் வலது மேலறை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். இடது ஐந்தாம் விலா இடைவெளியில் வந்து முட்டுவது இதயத்தின் முனை மட்டுமே. துடிப்பு அங்கே கைக்குத் தட்டுப்படுவதால் முழு இதயத்தையும் அங்கேயே குடிவைத்துவிட்டோம். (முன்பக்கம் பெரும்பகுதி வலது கீழறைதான் என்றால் முதலாண்டு மாணவர்களே நம்ப மாட்டார்கள்.)

இதயத்தின் அடிப்பக்கம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே கல்லீரலும் இரைப்பையும். அந்த அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் கொண்டுபோவது வலது இதயத் தமனி. அது அடைத்தால் மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி, ஏப்பம் எல்லாம் வரும். ஏப்பம் விட்டதும் லேசாக இருந்தது என்று நீங்கள் சொல்வதால் எனக்கு நிம்மதி வந்துவிடாது.

நடு நெஞ்சோ மேல்வயிறோ, பாரம் வைத்ததுபோல் அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள். பக்கத்து வீட்டு சார்பிட்ரேட்டை (ரத்தக் குழாயை விரிக்கும் நெஞ்சுவலி மாத்திரை) வாங்கி நாக்கடியில் வைக்காதீர்கள். மாரடைப்பில் வலது கீழறையும் அடிபட்டிருந்தால், அந்த மாத்திரையால் பிரஷர் மளமளவென்று இறங்கிவிடும். முதல் ஈசிஜி நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், மறுபடி எடுக்கச் சொன்னால் தயவுசெய்து இருங்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரலாம்.

ஆள் பேச்சுமூச்சில்லாமல் விழுந்துவிட்டால் அமுக்க வேண்டிய இடமும் இடது மார்பு இல்லை. மார்பெலும்பின் கீழ்ப்பாதி, நட்டநடுவில். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு. விலா முறிந்துவிடுமோ என்று தயங்காதீர்கள். முறிந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.