வாக்குச்சீட்டைப் பார்க்கும் சின்னஞ்சிறு கண்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர், தாம் வாக்களித்த பள்ளியில், பதிவான வாக்கைச் சீட்டில் அச்சிட்டு வாக்காளருக்குக் காட்டும் விவிபேட் கருவி பழுதாகி வரிசை நெடுநேரம் நின்றதாகவும், மாற்றுக் கருவி வந்ததும் அலுவலர்கள் மேசையையே சன்னலை விட்டுத் தள்ளிப் போட்டதாகவும் எழுதியிருக்கிறார். கருவியை மாற்றியது புரிகிறது, மேசையை ஏன் நகர்த்தினார்கள் என்பது அவர் கேள்வி. அதற்கு முன் பதிவான வாக்குகள் என்னவாயின என்றும் கேட்கிறார். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களாகப் பணியாற்றிய இரண்டு ஆசிரியைகளிடம் பேசியபோது, இருவருமே முதலில் சொன்னது வெளிச்சத்தைப் பற்றித்தான்.

வாக்காளர் பொத்தானை அழுத்தும் கருவி ஒன்று, அலுவலரின் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, இரண்டுக்கும் நடுவே சீட்டு அச்சிடும் விவிபேட் என்ற அமைப்பைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முதற்கருவியில் 16 பொத்தான்களே உண்டு. ஆகவே 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 59 வேட்பாளர்களுக்கும் நோட்டாவுக்குமாக நான்கு கருவிகளை வரிசையாக இணைக்க வேண்டியிருந்தது.

நடுவில் இருக்கும் விவிபேட்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதில் மை கிடையாது. ஏ.டி.எம். ரசீதைப் போன்ற வெப்பத்தாள். அச்சு முனையிலுள்ள நுண்ணிய புள்ளிகள் சூடாகும்போது, தாளின் மேற்பூச்சிலுள்ள நிறமற்ற சாயமும் அமிலப் பொருளும் உருகிக் கலந்து கருமையாகின்றன. அச்சான சீட்டு ஏழு விநாடிகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பிறகு வெட்டுண்டு பெட்டிக்குள் விழுகிறது. அச்சு உண்மையிலேயே விழுந்ததா என்பதை இயந்திரம் தானே சரிபார்த்துக்கொள்ள, உள்ளே ஓர் ஒளி உணரி இருக்கிறது. இத்தகைய உணரி தாளின் மீது ஒளியைச் செலுத்தித் திரும்பி வருவதை அளக்கும். வெள்ளைப் பரப்பு மிகுதியாகத் திருப்பியனுப்பும், கருப்பு விழுங்கிக்கொள்ளும், அந்த வேறுபாடே அச்சு விழுந்ததற்குச் சான்று. தாளின் நீளத்தை அளக்க வேறோர் உணரியும், சீட்டு பெட்டிக்குள் விழுந்ததை அறிய இன்னொன்றும் உள்ளன.

வாக்காளரின் கண்ணுக்காக வைத்த கண்ணாடி, வெளி வெளிச்சத்துக்கும் வழிவிடுகிறது என்பதுதான் இங்கே சிக்கல். கடுமையான வெளிச்சம் உள்ளே புகுந்தால் உணரிக்குக் கருப்பும் வெள்ளையும் ஒன்றாகவே தோன்றும். அச்சைக் காணாத இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும். 2018 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் ஏராளமான விவிபேட் கருவிகள் பழுதானபோது, தேர்தல் ஆணையம் கூறிய காரணங்களில் இந்த மிகை வெளிச்சம் முதன்மையானது. பின்னர் உணரிக்கு மேல் ஒரு மறைப்பும், ஈரத்தை உறிஞ்சாத தாளும் சேர்க்கப்பட்டன. உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று எந்நேரமும் வீசும் காசிமேட்டுக்கு, இரண்டாவது திருத்தமும் சிறியதன்று.

வட சென்னையில் கடல் கிழக்கே இருப்பதால், கிழக்குச் சன்னல் உள்ள வகுப்பறையில் காலை வெயில் தடையின்றி நேரே உள்ளே வரும். 2024 ஏப்ரல் 19 போன்ற ஒரு நாளில், காலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும்போது சூரியனே உதித்திருக்காது. குழல் விளக்கின் வெளிச்சத்தில் குறைந்தது ஐம்பது வாக்குகளும் ஒழுங்காக அச்சாகிவிடும். எட்டு மணிக்கு மேல் வெயில் மேசைக்கு வந்த பிறகு கருவி தடுமாறினால், ‘யார் கண்ணோ பட்டுவிட்டது’ என்று எலுமிச்சம்பழம் தேடுவோர் இருக்கிறார்கள் என்று ஆசிரியைகளில் ஒருவர் வருந்தினார். எனக்கும் வருத்தமே. பயிற்சி வகுப்பில் ‘வெளிச்சத்தில் வைக்காதீர்கள்’ என்று கட்டளையாக மட்டும் சொல்லாமல், உள்ளே இருக்கும் உணரியை ஐந்து நிமிடம் திறந்து காட்டினால் அந்தப் பழம் தேவைப்படாது. எந்தச் சாவடியில், எந்த நேரத்தில், எந்தப் பழுது நேர்ந்தது என்ற விவரங்களையும் பொறியியல் மாணவர்கள் ஆராயும் வண்ணம் பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வாக்குகள் தங்குவது கட்டுப்பாட்டுக் கருவியில். மின்கலத்தை எடுத்தாலும் அவை அழியா. வாக்குப்பதிவின் நடுவே விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டுமே மாற்றுவார்கள். மற்ற இரண்டில் ஒன்று பழுதானால் மூன்றையும் சேர்த்தே மாற்றி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒரு வாக்கு வீதம் மாதிரியாகப் பதிந்து, அதை அழித்த பிறகே தொடர்வார்கள். பழைய கட்டுப்பாட்டுக் கருவி முத்திரையிடப்பட்டு எண்ணிக்கைக்குச் செல்லும்.

திருவொற்றியூர் ஆசிரியை முதல்நாள் மாலையே சாவடிக்குப் போய்விடுவார். சன்னல்களில் கிழக்கே பார்ப்பவை எவை என்று கண்டு, மறுநாள் வெயில் எட்டக்கூடிய தூரத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைத்து, மேசையை அந்தக் கோட்டுக்கு அப்பால் போடச் சொல்வாராம்.