மொதல்ல ஸ்கோர், அப்புறம்தான் வலி

தருமபுரியில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறையில் ஒன்றை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். விளையாடி அடிபட்டு வரும் நாற்பது வயதுக்காரர்கள் யாரும் கதையை வலியிலிருந்து ஆரம்பிப்பதில்லை. "மூணாவது கேம் மேடம். 21-19." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எந்தக் கால் என்பதே எனக்குத் தெரியவரும். (இங்கே வருகிறவர்களின் வயது, தொழில், தெரு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஸ்கோரை மட்டும் மாற்றவில்லை.)

அந்த 21-19 காரர் அரிசி மண்டி வைத்திருப்பவர். வாரத்தில் ஆறு நாள் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டில். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே இறுக்கமாக இருந்திருக்கிறது. நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடுமாம், அதனால் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு 19-19. முன்னால் பாய்ந்து ஒரு டிராப்பை எடுத்தபோது பின்னால் 'டப்'பென்று ஒரு சத்தம். கூட விளையாடிய தம்பிதான் ராக்கெட்டால் காலில் அடித்துவிட்டான் என்று நினைத்துத் திரும்பித் திட்டியிருக்கிறார். பாவம், அவன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

சரி, அதோடு உட்கார்ந்தாரா? "சர்வீஸ் நம்ம கையில இருந்துச்சு மேடம்!" ஒற்றைக் காலை ஊன்றி நின்றபடி சர்வீஸ் போட்டிருக்கிறார், மீதி கோர்ட் முழுக்கத் தம்பி ஓடியிருக்கிறான். இரண்டு பாயிண்டும் வந்துவிட்டது. பிறகு எண்ணெய், ஒத்தடம், ஒரு நாட்டுக் கட்டு. என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள்.

குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினேன். நல்ல காலில் அழுத்தினால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அவருடைய வலது பாதம் அசையவே இல்லை. நம் ஊரில் 'குதிகால் நரம்பு' என்பார்கள். அது நரம்பில்லை, அக்கிலிஸ் தசைநாண், உடம்பிலேயே தடிமனான தசைநாண். அது அறுந்தாலும் மற்றத் தசைகளை வைத்து ஓரளவு நொண்டி நடக்க முடியும். அதனால்தான் சுளுக்கு என்று நினைத்துப் பலர் நாளைக் கடத்துகிறார்கள். பின்னங்காலில் யாரோ உதைத்த மாதிரி இருந்து, அதன் பிறகு அந்தக் காலில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்க முடியவில்லை என்றால், தேய்க்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நாள் தள்ளத் தள்ள அறுந்த முனைகள் விலகிப்போய் வேலை கடினமாகும்.

இந்த வகை அறுதல் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும், வாரக் கடைசியில் மட்டும் ஆடும் ஆண்களிடம்தான் அதிகம். தசை சில வாரங்களில் பலம் ஏறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் பழகும். ஆட்டச் சூட்டில் வலியும் மந்தமாகிவிடும். ஆகவே உடம்பு முன்கூட்டியே சொல்லாமல் இல்லை. இவர் காதில் ஸ்கோர் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

போட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரியில் எருது விடும் விழாவில் மாடு ஓடும் நேரத்தை நொடிக் கணக்கில் பார்க்கிற மண் இது, என்னிடம் வந்து அப்படிச் சொன்னால் நானே சிரிப்பேன். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் 1898-லேயே எழுதிவிட்டார், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக நேரத்தோடு ஓட்டுவதைவிடப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது வேகமாக ஓட்டுகிறார்கள் என்று. வேகம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1981-இல் எட்வர்ட் டெசியும் கூட இருந்தவர்களும் ஒரு புதிர் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். ஒரு சாராரிடம் பக்கத்து ஆளைத் தோற்கடிக்க வேண்டும் என்றார்கள், மற்றவர்களிடம் முடிந்த வேகத்தில் போடச் சொன்னார்கள். பிறகு சும்மா இருக்க விட்டபோது, தோற்கடிக்கப் போட்டவர்கள் அந்தப் புதிரை அவ்வளவாகத் தொடவில்லை. ஜெயிக்கும் ஆசை வந்ததும் விளையாடும் ஆசை குறைந்துவிட்டது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு சைக்கிள்காரரிடம் பார்த்துவிட்டேன். இங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். மலைப்பாதையில் இறங்கிப் போய், அதே மலையை மிதித்து ஏறி வரவேண்டும். முட்டி வலியோடு வந்தவர், ஏற்றத்தில் தன் நேரத்தை யாரோ ஒரு பையன் செயலியில் முறியடித்துவிட்டான் என்று வாரா வாரம் போய்க்கொண்டிருந்தார். "காவிரில தண்ணி எவ்வளவு போகுது சார் இப்போ?" என்று பேச்சுக்குக் கேட்டேன். யோசித்தார். அங்கே திரும்பும் இடத்தில் அவர் சைக்கிளைவிட்டு இறங்கியதே இல்லையாம். ஒகேனக்கல்லுக்கு அத்தனை தடவை போய் ஒரு மீன் வறுவல் சாப்பிடாத மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். எண்ணெய் மசாஜாவது செய்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வேலை குறைந்திருக்கும்.

பெண்கள் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஒரு தெருவில் ஐந்து பேர் வாட்ஸ்அப் குழு வைத்துத் தினமும் நடந்த காலடிக் கணக்கைப் போட்டார்கள். அதில் மூன்று பேருக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவது போன்ற வலி. ஒருவர் இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு மிச்சத்தை முடிப்பாராம். இன்னொருவர் போனைப் பேரன் சட்டைப் பையில் போட்டு ஓடவிட்டதாக அவர் மருமகள் என்னிடம் போட்டுக்கொடுத்தார்.

நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருஷம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவிக் கருவியின் பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மானி என்று பொருள். ஆராய்ச்சியில் வந்த எண் அல்ல, பொருளை விற்க வைத்த பெயர். அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், நாளைக்குச் சுமார் 4,400 காலடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்ததால் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "அப்போ எதிர்வீட்டுக்காரி பன்னெண்டாயிரம் போடறாளே கண்ணு, அவளுக்கு ஒண்ணும் ஆவலையே?"

ஊரைச் சொல்கிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முட்டி மாற்று அறுவை முடிந்து வருகிறவர்களை உற்சாகப்படுத்த, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, யாருக்கு முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுதி வைத்தேன். என் சொந்த யோசனை, பெருமையாகக்கூட இருந்தது. முதல் வாரம் பிரமாதம். இரண்டாம் வாரம், ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட இரண்டு பேரில் ஒருவர், "அவங்களுக்கு 110, எனக்கு மட்டும் ஏன் 95?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டில் மகனை விட்டு முட்டியை அழுத்தி மடக்கச் சொல்லியிருக்கிறார். கால் வீங்கிப்போய், 95-ம் 80-க்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு முட்டியும் அறுவைக்கு முன்னால் இருந்த நிலையே வேறு, அதை நான் அந்தப் பலகையில் எழுதவில்லையே. அன்று சாயங்காலமே அழித்தேன். இப்போது அதில் நான் விடுமுறை எடுக்கும் தேதிகள் மட்டும் இருக்கின்றன.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இப்போது எல்லார் முன்னாலும் கேட்பதையும் விட்டுவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று என்றால் இவர் இரண்டு என்கிறார். பதினைந்து தடவை செய்யச் சொன்ன பயிற்சியை இருபத்தைந்து தடவை செய்துவிட்டு வந்து பாராட்டை எதிர்பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். மறுநாள் காலை வலி முந்தின நாளைவிடக் கூடியதா? தோற்ற ஆட்டம் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூட வருகிறதா? முதலாவதற்கு ஆமாம் என்றால் என்னிடம் வாருங்கள், பயிற்சியைக் குறைத்துத் தருகிறேன். இரண்டாவது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் வீட்டாரோடு பேச்சும் கெட்டால், அது என் கையில் இல்லை. மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறேன். போக வெட்கப்படுகிறவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அரிசி மண்டிக்காரர் அறுவை செய்துகொண்டு, எட்டு மாதம் பொறுமையாக வந்தார். போன மாதம் கோர்ட்டுக்குப் போக அனுமதித்தேன், ஒரு நிபந்தனையோடு: முதல் நாலு வாரம் பாயிண்ட் எண்ணக் கூடாது, சும்மா தட்டிக்கொடுத்து ஆட வேண்டும். முதல் ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை வந்தார். கால் எப்படி என்று கேட்டேன்.

"சூப்பர் மேடம். வீக்கமே இல்ல. நீங்க சொன்ன மாதிரி எண்ணவே இல்ல."

ஷூவைக் கழற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆனா 14-11."