தக தகிட தக திமி: வடசென்னை ரயிலை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது

கடற்கரை நிலையத்தில் ஏறி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் வண்டி எங்கே போகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மதில்களுக்கு நடுவே சக்கரச் சத்தம் திரும்பி வந்து காதை அடைக்கும். கொருக்குப்பேட்டையில் பாதைகள் பிரியும் இடத்தில் தாளம் சிதறும். எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றின் மேல் ஏறியதும் சுற்றிலும் வெளி திறந்துகொள்ளும். இதையெல்லாம் ஐம்பது அறுபது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் கொண்டுவர முடியும். அதற்குக் கற்பனையோடு கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் தேவை.

எழுத உட்காரும்போது முதலில் முடிவு செய்யவேண்டியது ராகமோ தாளமோ அல்ல, கேட்பவரின் காது எங்கே இருக்கிறது என்பது. ரயிலுக்குள் இருக்கிறதா, லெவல் கிராசிங் கேட்டில் நிற்கிறதா? இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பயண இசையில் அடிக்கடி நடக்கும் தவறு. தான் உட்கார்ந்திருக்கும் வண்டியின் ஹாரன் பயணிக்குச் சுருதி மாறாமல் கேட்கும். கேட்டில் நிற்பவருக்குத்தான் வண்டி கடக்கும்போது அது இறங்கும். பயணியின் காதுக்கு இறங்குவது கேட்டில் அடிக்கும் மணி.

எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடலாம். வண்டி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். நெருங்கும்போது கேட்கும் அதிர்வெண்ணுக்கும் விலகும்போது கேட்பதற்கும் உள்ள விகிதம் 369க்கு 329, கிட்டத்தட்ட 1.12. இது சதுச்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் ஒரு முழு ஸ்வர இடைவெளி. டிராம்போனின் இழுகுழலில் ஒவ்வொரு நிலையும் அரை ஸ்வரம் இறக்கும் என்பதால், முதல் நிலையில் பி ஃப்ளாட் ஊதிக்கொண்டே மூன்றாம் நிலைக்கு வழுக்கினால் ஏ ஃப்ளாட் வந்துவிடும். கேட்டில் நிற்பவரின் காதுக்கு இது போதும். பயணியின் காதுக்கு எழுதினால் குழாய் மணிகள் இரண்டு வேண்டும். மணியில் வழுக்க முடியாது. மேல் ஸ்வர மணியைக் கையால் அமுக்கிய அதே கணத்தில் ஒரு முழு ஸ்வரம் கீழே இருப்பதை அடிக்கவேண்டும்.

இதில் இரண்டு இடங்களில் பிசகும். வண்டி நெருங்க நெருங்கச் சுருதி ஏறும் என்று நினைத்து மேலே ஏற்றி எழுதுகிறார்கள். உண்மையில் தொலைவிலிருந்து வரும்போது சுருதி உயர்ந்த நிலையிலேயே நிற்கும், சத்தம்தான் கூடும். கிட்டே வந்த பிறகுதான் சுருதி இறங்கத் தொடங்கும். அடுத்தது, இறக்கத்தின் நீளம். பாதையிலிருந்து 5 மீட்டரில் நிற்பவருக்கு அதன் பெரும்பகுதி அரை விநாடியில் முடிந்துவிடும், 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 5 விநாடி பிடிக்கும். ஆகவே வழுக்கலின் நீளம் மாறினாலே கேட்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதும் மாறிவிடுகிறது. வேகமான வழுக்கலைப் பியானிஸிமோவில், அதாவது மிக மெல்லிய சத்தத்தில் எழுதினால் காது நம்பாது.

இனிச் சக்கரம். இந்தப் பாதையில் மின்சார ரயிலோடு கூடூர் பக்கம் போகும் நெடுந்தூர வண்டிகளும் ஓடுகின்றன. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வடிவமைப்பில் வந்த பழைய பெட்டியின் அளவுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு போகியின், அதாவது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டத்தின், இரண்டு அச்சுகளுக்கு இடையே 2.896 மீட்டர். ஒரு பெட்டியின் இரண்டு போகி மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர். பெட்டியின் மொத்த நீளம் 22.297 மீட்டர். பெட்டியின் கடைசி இருக்கையில், இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் பெட்டியின் பின் போகியும் அடுத்த பெட்டியின் முன் போகியும் நன்றாகக் கேட்கும். அவற்றின் மையங்களுக்கு இடையே 22.297 கழித்தல் 14.783, அதாவது சுமார் 7.5 மீட்டர். தண்டவாளத் துண்டு ஒன்றின் வழக்கமான நீளம் 13 மீட்டர்.

தண்டவாளத் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இணைப்பிலும் இந்த நான்கு அச்சுகள் ஏறி இறங்குகின்றன. தட்டல்களுக்கு இடையே உள்ள தூரங்களை வரிசையாக எழுதினால் 2.9, 4.6, 2.9, 2.6 மீட்டர், பிறகு அடுத்த இணைப்பு வந்துவிடும். 13 மீட்டரை ஒன்பது சம பாகமாகப் பிரித்தால் இவை 2, 3.2, 2, 1.8 என்று வரும். இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. தக தகிட தக திமி. ஒன்பது எண்ணிக்கையின் சங்கீர்ணம்! மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் இந்த ஆவர்த்தனம் 1.3 விநாடியில் சுற்றும். நிஜத்துக்கும் நாம் எழுதும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தட்டலில் அதிகபட்சம் 30 மில்லி விநாடிதான். மின்சார ரயில் பெட்டி இதைவிடச் சற்றுக் குட்டை என்பதால் அதில் விகிதம் வேறாக வரும். கணக்குப் போடும் வழி இதுவேதான்.

இந்த இணைப்புச் சத்தம் இப்போது பெரும்பாலான இடங்களில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எஃகு வெயிலில் நீளும்: 13 மீட்டர் துண்டு 30 டிகிரி கூடினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காக விட்ட இடைவெளிதான் தட்டியது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத் தண்டவாளமெல்லாம் துண்டு துண்டாகப் பூட்டியவை. இன்று நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். தட்டல் மிஞ்சியிருப்பது பாதை பிரியும் இடங்களில்தான். எழுதுபவர் இன்றைய வழவழப்பை எழுதப் போகிறாரா, பழைய தட்டலையா என்று தீர்மானிக்கவேண்டும். பழையதே நல்லது என்பேன்: சீரான தாளம் முதலில் காதில் பதிந்தால்தான் கொருக்குப்பேட்டையில் அதைச் சிதறடிக்க முடியும்.

தாளில் இறக்கும்போது கவனம் வேண்டும். 9/8 என்று போட்டால் மேற்கத்திய முறையில் பழகியவர்கள் மூன்று மூன்றாகவே வாசிப்பார்கள். ஸ்வரங்களின் வால்களை 2+3+2+2 என்று சேர்த்து எழுதி, 9/8 குறிக்கு மேலேயும் அந்த எண்களைப் போடவேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் ஒன்பதையும் அடிக்க முடியாது, ஒன்று 0.14 விநாடிதான். குட்டை, நெட்டை, குட்டை, குட்டை என நான்கு கையசைவு. ஒத்திகையில் எல்லோரையும் முதலில் வாயால் சொல்ல வைத்தால் அரை மணி நேரம் மிச்சம்.

யார் வாசிப்பது? நான்கு தட்டல்களை மட்டும் செல்லோக்கள் விரலால் மீட்டலாம். சராசரி விநாடிக்கு மூன்று தட்டல், கை தாங்கும். ஒன்பதையும் நிரப்பினால் விநாடிக்கு ஏழு ஆகிவிடும். அதை ஒரே குழுவுக்குக் கொடுத்தால் சில வரிகளிலேயே விரல் சோர்ந்து பின்தங்கும். வயோலாவும் செல்லோவும் மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்ளட்டும், அடியில் ஒரு பஸூன் குறுகிய ஸ்வரங்களாகத் தொடரட்டும். வில்லின் மரப்பக்கத்தால் தட்டச் சொல்லும் முறை ரயிலுக்கு மிகப் பொருத்தம். ஆனால் சத்தம் மிகச் சிறியது, பித்தளை வாத்தியங்கள் ஊதும்போது காணாமல் போய்விடும். விலையுயர்ந்த வில்லால் அடிக்க வாத்தியக்காரர்கள் தயங்குவதும் நியாயம்தான்.

வண்டி கிளம்பி வேகம் பிடிப்பதை எழுதும்போது டெம்போவை ஏற்றிக்கொண்டே போவது எல்லோருக்கும் தோன்றும் முதல் வழி. அது சீக்கிரம் முட்டிக்கொள்ளும், ஏனென்றால் விரல்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஆர்தர் ஹோனெகர் 1923இல் எழுதிய 'பசிஃபிக் 231' வேறு வழியைக் காட்டியது. தலைப்பிலுள்ள எண், நீராவி இன்ஜினில் முன்னே 2, நடுவே இழுக்கும் 3, பின்னே 1 என்ற அச்சுக் கணக்கு. அதில் ஸ்வரங்கள் நெருங்கிக்கொண்டே போகும். அடிப்படை டெம்போ மெல்லக் குறையும். காதுக்கு வண்டி பறக்கிறது. நமக்கு இது புதிதல்ல. தாளத்தை நிறுத்தி வைத்துக் காலத்தை மாற்றும் பழக்கம் மிருதங்கம் கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு அடிக்கு 3, 4, 5, 6, 7, 8, 9 என்று ஏற்றினால் போதும். ஒவ்வொன்றையும் ஒரே எண்ணிக்கை ஆவர்த்தனங்களுக்கு வைத்தால் வேகம் சீராக ஏறுவதாக ஆகும். மூன்றிலிருந்து நான்குக்குப் போவது 33 சதவீதத் தாவல், எட்டிலிருந்து ஒன்பது 12.5 சதவீதம்தான், அதனால் தொடக்கத்தில் பெரிய உந்தலும் பிறகு மெல்லத் தட்டையாவதும் தானாகவே கேட்கும். நிஜ ரயிலும் அப்படித்தான் தோன்றும். ஐந்தும் ஏழும் வரும் இடங்களில் டிம்பனி அடியை விடாமல் பிடித்திருக்கவேண்டும், இல்லையேல் வயலின்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

ஓடுவது மட்டும் பயணமாகிவிடாது, இடமும் மாறவேண்டும். திருவொற்றியூர் வந்ததும் இதற்கு அருமையான கருவி ஒன்று நினைவுக்கு வருகிறது. தியாகராஜர் இந்த ஊர் வடிவுடையம்மன் மேல் பாடிய பஞ்சரத்தினத்தில் சுத்த சாவேரியில் ஒரு கிருதி உண்டு. ராகத்தின் ஸ்வரங்கள் ஐந்து: ச ரி ம ப த. ஷட்ஜத்தை சி என்று வைத்தால் சி, டி, எஃப், ஜி, ஏ. இவற்றில் அரை ஸ்வர இடைவெளி எங்கும் இல்லை என்பதால் ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று ஒலித்து நீண்டாலும் உரசாது, மணியோசைபோல நிற்கும். இனிக் கிரக பேதம். பயணியின் மெட்டை ஐந்து முதல் ஏழு ஸ்வரங்களில் சுருக்கமாக எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். கீழே டபுள் பாஸ் பிடிக்கும் ஆதார ஸ்வரத்தை மட்டும் நகர்த்துங்கள். சி-யில் நின்றால் சுத்த சாவேரி. எஃப்-க்கு நகர்ந்தால் அதே மெட்டு மோகனமாகக் கேட்கும். ஜி-யில் மத்தியமாவதி, டி-யில் சுத்த தன்யாசி, ஏ-யில் ஹிந்தோளம். மேலே உட்கார்ந்திருப்பவர் அசையவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஊர் மாறுகிறது. பயணத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

புதிய ஆதாரத்தைக் காது ஏற்க நேரம் வேண்டும். நான்கு ஆவர்த்தனமாவது அசையாமல் பிடிக்கவேண்டும். செல்லோ பஞ்சமத்தைச் சேர்த்தால் சீக்கிரம் பதியும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, அங்கே மத்தியமத்தை, அதாவது டி-யைக் கொடுக்கவேண்டும். நாலு தந்தி டபுள் பாஸில் மிகக் கீழே இருப்பது 41 ஹெர்ட்ஸ் இ. கம்ப்யூட்டரில் 33 ஹெர்ட்ஸ் சி கம்பீரமாகக் கேட்டுவிட்டு அதையே எழுதினால் மேடையில் வாசிக்க ஆளிருக்காது. ஐந்து தந்தி வாத்தியம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு நிலையத்திலும் நிறுத்தினால் இசை துண்டு துண்டாகிவிடும். எட்டு நிமிட இசைக்கு மூன்று நிறுத்தங்கள் தாராளம். காக்கை, அலை, விசைப்படகு இன்ஜின் என்று எல்லாவற்றையும் போலச் செய்யவும் வேண்டாம்.

கொசஸ்தலைப் பாலத்துக்கு ஒரே ஒரு மாற்றம் செய்தாலே போதும். சாதாரணப் பாதையில் ஜல்லி சத்தத்தின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும், பக்கச் சுவர்கள் மீதியைத் திருப்பி அனுப்பும். திறந்த நீர்ப்பரப்பின் மேல் அந்தச் சுவர்கள் இல்லை. ஆகவே நடுச் சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும் வயோலாவையும் கிளாரினெட்டையும் ஒரே அடியில் நிறுத்திவிட்டு, மேலே வயலின்களின் மெல்லிய நீண்ட ஸ்வரத்தையும் கீழே டபுள் பாஸையும் மட்டும் விடலாம். நடுவே இருக்கும் வெற்றிடம்தான் ஆறு. வடசென்னை அனல்மின் நிலையப் பக்கத்துச் சத்தம் தொலைவில் வேண்டுமென்றால், ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் தூரம் வராது. வாசிப்பவர்களைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். தூரத்துச் சத்தத்தில் காற்று கூர்மையை எடுத்துவிடுகிறது. அடைப்பான் வைத்த பிரெஞ்ச் ஹார்ன் இருவர் அதைச் செய்வார்கள்.

அத்திப்பட்டில் வண்டி நிற்கவேண்டும். படிப்படியாகச் சமமாக இழுத்து நிறுத்துவது பொய்யாகக் கேட்கும். வேகம் ஒவ்வொரு விநாடியும் அரை மீட்டர் வீதம் குறைவதாக வைத்தால், ஒரே ஓர் அச்சு கடைசித் தண்டவாள இணைப்புகளைத் தட்டும் நேர இடைவெளி 1.5, 1.7, 1.9, 2.3, 3.0 விநாடி என்று விரியும். அதன் பிறகு வண்டி நிற்கும்வரை 7 விநாடிக்கு அந்த அச்சின் தட்டலே இல்லை. இந்த எண்களை அப்படியே விநாடிகளாகத் தாளில் எழுதி, கண்டக்டர் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கையசைவு காட்டினால் போதும். அந்த 7 விநாடியில் வயலின்கள் இருவர் தந்திகளைத் தாங்கும் மரப்பாலத்தை ஒட்டி வில்லை இழுத்து பிரேக்கின் கீச்சொலியைத் தரட்டும், டபுள் பாஸ் சி-க்குத் திரும்பி மெல்ல ஓயட்டும். கண்டக்டர் கையை மேலேயே வைத்திருக்கவேண்டும் என்று தாளில் எழுதிவிடுங்கள். இறக்கினால் வண்டி நிற்பதற்குள் கைத்தட்டல் வந்துவிடும்.