6 மி.மீ. சிப்பாயும் சுருங்காத வெளிச்சமும்

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து அணிவகுத்து நின்ற பிரிட்டிஷ் காலாட்படை வீரனின் சிவப்புக் கோட்டின் மேல், மார்புக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைத் தோல்பட்டைகள் ஓடும். ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலம். அதே வீரனை 6 மி.மீ. உயர உலோகப் பொம்மையாக வார்த்தால் பட்டையின் அகலம் 0.2 மி.மீ. கூட வராது. நல்ல கண்பார்வை உள்ளவரால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் அது 0.17 மி.மீ. ஆக, அந்தப் பட்டை பார்வையின் விளிம்பிலேயே நிற்கிறது. அளவு பிசகாமல் தீட்டினால் வெள்ளை சிவப்போடு கலந்து, கோட்டு முழுவதும் லேசாக வெளிறினதுபோல் தெரியும், அவ்வளவுதான். இத்தகைய குட்டிப் பொம்மைகளை, அதாவது மினியேச்சர்களை, தீட்டிப் பழகியவர்கள் பட்டையை வேண்டுமென்றே இரண்டு மடங்கு தடிமனாகத் தீட்டி, ஓரத்தில் கருங்கோடு விடுவது இதனால்தான். அளவில் பொய் சொன்னால்தான் பார்வைக்கு உண்மையாக இருக்கும்.

இந்தப் பொய்யைப் பெரிய அளவில் செய்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830இல் வாட்டர்லூ களத்திலேயே பல மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்த அவருடைய போர்க்கள மாதிரியில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். இப்போது அது லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலம் சுமார் 1:600 அளவில். அதே அளவில் வார்த்திருந்தால் ஆள் 3 மி.மீ.தான் இருந்திருப்பான், தூசு என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். அதனால் சைபோர்ன் ஆட்களை மட்டும் சுமார் 10 மி.மீ. உயரத்துக்கு ஏற்றிவிட்டார். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்பதை யோசித்தபின் எடுத்த முடிவு அது.

மினியேச்சர் தீட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கலாம்: 'பொம்மை சுருங்கும், வெளிச்சம் சுருங்காது. அதனால் நிழலையும் நாமேதான் தீட்ட வேண்டும்.' இது பாதி உண்மை. நிஜக் கோட்டின் மடிப்பையும் அதன் அச்சு அசலான சிறு நகலையும் ஒரே வெயிலில் வைத்தால், நிழல் விழும் விதத்தில் வித்தியாசம் இருக்காது. மடிப்பின் வடிவமும் ஒளி வரும் திசையும் மாறாதவரை நிழலின் வடிவமும் மாறாது. அப்படியானால் தீட்டாத பொம்மை ஏன் தட்டையாகத் தெரிகிறது?

முதல் காரணம், அது அச்சு அசல் நகல் இல்லை. ஆழமான, உட்குழிந்த மடிப்புகளை வைத்தால் வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வராது. எனவே சிற்பியே மடிப்புகளை ஆழம் குறைத்துத்தான் செதுக்குகிறார். அடுத்தது, நாம் பூசும் பெயிண்ட். 0.03 மி.மீ. தடிமனுள்ள ஒரு பூச்சை 6 மி.மீ. ஆளின் அளவுக்குக் கணக்குப் போட்டால், நிஜ வீரனின் உடம்பெங்கும் 9 மி.மீ. கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமம். மெல்லிசாகக் கலந்து பூசு என்று மூத்தவர்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். மூன்றாவது விளக்கு. வானத்துச் சூரியனின் அகலம் அரைப் பாகைதான். மேசையில் 40 செ.மீ. தொலைவில் இருக்கும் 10 செ.மீ. அகல விளக்கு, பொம்மைக்குப் பதினான்கு பாகைக்கு விரிந்து தெரியும். அவ்வளவு பெரிய 'சூரியன்' எல்லாப் பக்கமும் நுழைந்து நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடுகிறது. வெளிச்சத்தின் வலிமையும் குறைவு: நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான். மங்கல் வெளிச்சத்தில் நிறங்களின் செறிவு குறைந்து தெரியும். வாட்டர்லூவில் பிரிட்டிஷாரின் பக்கம் நின்ற பிரஷ்யப் படையின் கருநீலக் கோட்டை அசல் நிறத்திலேயே தீட்டினால் மேசையில் அது கறுப்பாகத்தான் தெரியும். இரண்டு படி வெளிறிய நீலம் தேவை.

சரி, நிழலை எப்படித் தீட்டுவது? இங்கே இயற்பியல் நமக்கு உதவிக்கு வருகிறது. தண்ணீரைப் பொறுத்தவரை, சுமார் 2.7 மி.மீ.க்குக் குறைவான அளவுகளில் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையின் கைதான் ஓங்கியிருக்கும். மினியேச்சரின் பள்ளங்களோ 0.2 மி.மீ. அளவில் இருப்பவை. நீர்க்கக் கலந்த அடர்நிறப் பெயிண்டை, அதாவது 'வாஷ்' என்கிறோமே அதை, ஒரு தூரிகை எடுத்து மேலே விட்டால் அது மேடுகளை விட்டு நழுவிப் பள்ளங்களுக்குள் தானாக இழுபடுகிறது. பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அங்கேயே நிற்கும். கோட்டின் மடிப்பு, விரல்களின் இடுக்கு, பட்டையின் ஓரம் எல்லாவற்றுக்கும் நிழல் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். தட்டையான இடத்தில் தேங்கினால் மட்டும் தொல்லை. துளியின் விளிம்பு வேகமாகக் காயும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்புக்கு ஓடும். நிறமியையும் கூடவே கொண்டுபோய் அங்கே கறை வளையமாக விட்டுவிடும். மேசையில் சிந்திய காபி காய்ந்தால் வருகிற வளையம்தான் இதுவும். ஈரம் காயும் முன்பே, துடைத்த தூரிகையின் நுனியால் அந்தத் தேக்கத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

தூரிகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மூன்று பூஜ்ய அளவு நுண்தூரிகையைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நுனி சிறிதுதான், ஆனால் பெயிண்டைத் தேக்கி வைக்க வயிறு இல்லாததால், பொம்மையைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். கூர் நன்றாக இருக்கும் 1ஆம் எண் தூரிகை இந்தச் சிறு ஆட்களுக்குப் போதும்.

அப்புறம் படம் எடுப்பது. இங்கே சுருங்காமல் தொல்லை தருவது லென்ஸின் வாய். 50 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் (இந்த எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்தால் துளை சுமார் 4.5 மி.மீ. நிஜ மனிதன் முன் அது ஊசித்துளை. 6 மி.மீ. ஆளைவிடப் பெரிய இன்னொரு அளவான 28 மி.மீ. பொம்மையின் உலகத்திலோ அதே துளை 28 செ.மீ. அகல ஜன்னல். அவ்வளவு பெரிய துளை வழியாக வரும் ஒளிக்கதிர்கள் அகன்ற கோணத்தில் குவிவதால், குவியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் எல்லாம் மங்கிவிடும். 28 மி.மீ. ஆள் முழு ஃபிரேம் சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் 36×24 மி.மீ. தகடு) உயரத்தை ஏறக்குறைய நிரப்பும்படி எஃப்/11இல் எடுத்தால், தெளிவாகக் கிடைக்கும் ஆழம் 2 மி.மீ. கூட இல்லை. முகம் தெளிந்தால் நீட்டிய துப்பாக்கி முனை மங்கும்.

துளையைச் சிறிதாக்கினால் தீருமே என்று தோன்றும். நிஜ மனிதனுக்குக் கிடைத்த அதே ஆழம் வேண்டுமானால் துளை 0.07 மி.மீ.க்கு இறங்க வேண்டும். ஆனால் ஒளியின் அலைநீளம் நமக்காகச் சுருங்காது; சிறிய துளை வழியாகப் போகும்போது அலை விரிந்து, ஒவ்வொரு புள்ளியும் வட்டாகப் பரவிவிடும். இந்த நெருக்கத்தில் எஃப்/22 வைத்தாலே அந்த வட்டு 0.05 மி.மீ. ஆகிவிடுகிறது. பளிச்சென்று தெரிய அது 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆழம் கிடைக்கும், கூர்மை போய்விடும்.

இதற்கு இன்றைக்கு உள்ள நல்ல வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங். கேமராவை ஆடாமல் நிறுத்தி, துப்பாக்கி முனையில் தொடங்கி முதுகுப் பை வரை ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது படம்போல எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் மென்பொருளால் கோத்தெடுப்பது. ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே இருப்பவை. மார்புக்கு முன்னால் துப்பாக்கி குறுக்கே போகும் இடத்தில் ஓரங்களில் ஒளிவட்டம் விழும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

விளக்கு விஷயத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 5 மி.மீ. எல்இடி ஒன்றை 55 செ.மீ. தள்ளி வைத்தால் அது சரியாக அரைப் பாகை; பொம்மைக்கு அசல் சூரியன். தரையில் கத்தி வெட்டியதுபோல் நிழல் விழும். ஆனால் நிழலையும் மினுக்கத்தையும் ஏற்கெனவே தீட்டிவிட்ட பொம்மைக்கு இந்தச் சூரியன் ஆகாது. தீட்டிய நிழல் ஒரு பக்கம், விழுந்த நிழல் இன்னொரு பக்கம் என்று சண்டை போடும். அதற்கு மெல்லிய வெள்ளைத் துணி வழியாக வரும் பரவலான வெளிச்சம்தான் சரி. பின்னணி பளிச்சென்ற வெள்ளையாக வேண்டாம். கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாகக் கணக்கிடும் என்பதால் வெள்ளைப் பின்னணியில் வீரன் இருட்டாகிவிடுவான்.

6 மி.மீ. ஆட்களைத் தனித்தனியாக நெருங்கி எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. கைநீளத் தொலைவுக்காகத் தடித்துத் தீட்டிய பட்டை, திரையில் முப்பது மடங்கு பெரிதாகும்போது சுண்ணாம்பு அப்பியதுபோல் தெரியும். அவர்களை ஒரு முழுப் பட்டாளமாக, 20 செ.மீ. அகலக் காட்சியாக எடுக்க வேண்டும். அந்தத் தொலைவில் எஃப்/11இலேயே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கிறது. இரண்டு மூன்று வரிசைகளும் ஸ்டாக்கிங் இல்லாமல் ஒரே படத்தில் தெளிவாக வரும்.