டேட்டா கலெக்டர்: தரவு சேகரிப்பானா, புலப்பதிவுக் கருவியா?

கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், செயற்கைக்கோள் சமிக்ஞையால் இருப்பிடம் காணும் டிஜிபிஎஸ் போன்ற நில அளவைக் கருவிகளோடு இணைந்து, எடுக்கும் அளவுகளை அந்த இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கைக்கருவிக்கு ஆங்கிலத்தில் டேட்டா கலெக்டர் என்று பெயர். திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலை பார்க்கும் சர்வேயர்கள் பேச்சில் அதைக் கன்ட்ரோலர் என்பார்கள். அதற்குள் ஓடும் மென்பொருளையோ கருவியை விற்ற நிறுவனத்தின் பெயராலேயே சொல்லிவிடுவார்கள். டேட்டா கலெக்டர் என்ற முழுப்பெயர் விலைப்புள்ளியிலும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலும்தான் எழுதப்படுகிறது. அதைத் தமிழில் எழுத நேரும்போது ‘தரவு சேகரிப்பான்’ என்று சொல்லுக்குச் சொல் வைப்பது வழக்கமாகிவிட்டது. இலக்கணப்படி அதில் பிழை இல்லை என்றாலும், கருவியின் தலையாய வேலையை அந்தப் பெயர் விட்டுவிடுகிறது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதே வேலையைப் பற்றியதுதான்.

டேட்டா என்பது ‘கொடு’ என்ற பொருளுடைய டாரே என்னும் லத்தீன் வினையின் வழி வந்தது. டேட்டம் என்றால் கொடுக்கப்பட்டது. டேட்டா அதன் பன்மை. தமிழில் தரவு என்ற சொல்லும் ‘தரு’ என்னும் வினையடியில் பிறந்ததே. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் உண்டு. அதே சொல் இன்று கணினித் துறையில் டேட்டாவுக்கு நிகராக நிலைபெற்றுவிட்டது. ஆகவே தரவு என்ற பகுதியை மாற்றத் தேவையில்லை.

சிக்கல் டேட்டம் என்ற ஒருமையில் இருக்கிறது. அது நில அளவையில் தனி வழியே போய், இருப்பிடமும் உயரமும் எந்தத் தளத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகின்றனவோ அந்தத் தளத்தின் பெயராகிவிட்டது. மென்பொருளின் முதல் திரையில் வரும் டேட்டம் என்பதைத் ‘தரவு’ என்று தமிழாக்கினால் பொருளே கெட்டுவிடும். ‘ஆதாரத் தளம்’ என்பதே சரி. இந்தியாவின் பழைய நிலப்படங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தின் (பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் கொள்ளும் உருவம்) மேல் அமைந்தவை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பிறகு பொதுப் பயன்பாட்டுக்கு வரும் படங்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 தளத்துக்கு மாறின. வளைந்த பூமியைத் தட்டையான கட்டத்தில் வரையும் யூடிஎம் என்னும் வீழலில் சென்னை 44 வடக்கு மண்டலத்தில், 81 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை மையமாகக் கொண்ட பட்டைக்குள் விழுகிறது. அந்த வீழலில் நம் ஊரில் தரையில் ஒரு கிலோமீட்டர் அளந்தால், கட்டக் கணக்கில் அது ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் குறைந்து வரும். தண்டையார்பேட்டையில் ஒரு மனையை அளக்கிறவருக்கு இது பொருட்டல்ல. எண்ணூர் விரைவுச் சாலை நெடுக டிராவர்ஸ் (புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோணமும் தூரமும் அளந்துகொண்டே போவது) ஓட்டுகிறவருக்கு வேலையே இதில்தான் நிற்கிறது. தரைத் தூரம், கட்டத் தூரம் இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, எதில் வேலை செய்கிறோம் என்பதைத் திரையிலேயே சொல்லாத மென்பொருளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

உயரத்திலும் இதே கதைதான். காசிமேட்டுத் துறைமுகத்துச் சுவரின் மேல் ரோவரை (செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் நகரும் கருவி) வைத்தால், நீள்கோள உயரம் கடல் மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே காட்டும். தென்னிந்தியாவில் புவியுரு, அதாவது சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு, நீள்கோளத்துக்கு அவ்வளவு தாழ்ந்து கிடப்பதே காரணம். ஜியாய்டு மாதிரியை ஏற்றிக்கொள்ள மென்பொருளில் வழி இருந்தால்தான் அந்த எண்ணை ஏறக்குறையக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவர முடியும். அதன் பிறகும் அருகிலுள்ள, உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கோடு ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

கலெக்டர் என்ற பகுதிக்கு அதிக நேரம் தேவையில்லை. ஒன்றுசேர்ப்பவர் என்பதே அதன் பொருள். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலவரி வசூலிக்கும் அதிகாரிக்கு வங்காளத்தில் இடப்பட்ட பெயர் நம் ஊர் வரை வந்து, வசூல் மறைந்து, ஆட்சியர் ஆகிவிட்டது. சென்னை ஆட்சியர் அலுவலகமான ராஜாஜி சாலையின் சிங்காரவேலர் மாளிகைக்குப் போகும் மனுவில் ‘டேட்டா கலெக்டர் வாங்க அனுமதி’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு கணம் நிமிர்ந்து உட்காரத்தான் செய்வார்.

இந்தக் கருவி எதன் வாரிசு என்று பார்த்தால் சரியான பெயர் தானே வரும். 1979இல் வெளிவந்த எச்பி 41 போன்ற நிரல் எழுதக்கூடிய கணிப்பான்களை அளவையாளர்கள் களத்துக்கு எடுத்துச் சென்றபோது அவை இடம்பிடித்தது வேறெதன் இடத்தையும் அல்ல, ஃபீல்ட் புக் எனப்படும் குறிப்பேட்டின் இடத்தை. அந்தக் குறிப்பேட்டில் கோணமும் தூரமும் பார்த்தது பார்த்தபடி எழுதப்படும். தவறாக எழுதியதை அழிப்பான் போட்டு அழிக்காமல் ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதுவதே ஒழுங்கு. ஆகவே இதன் வேலை சேகரிப்பது மட்டுமல்ல, பதிவது. தமிழ்நாட்டின் நில அளவைத் துறையில் இதற்கான சொற்குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது: புல எண், புலப்படம். வன்புலம், மென்புலம் என்று சங்க காலத்திலிருந்தே நிலத்தைக் குறித்து வரும் சொல் அது. களம் என்பது நெல்லடிக்கும் இடத்துக்கும் போர் நடக்கும் இடத்துக்கும் உரியது. ‘கள ஆய்வு’ மக்களிடம் போய்க் கேள்வி கேட்பதற்குப் பொருந்தும், நிலத்தின் எல்லைக்குப் புலம்தான் பொருந்தும். எனவே ஃபீல்ட் டேட்டா கலெக்‌ஷன் சாஃப்ட்வேர் என்பதற்குப் ‘புலப்பதிவு மென்பொருள்’ என்றும், கருவிக்குப் ‘புலப்பதிவுக் கருவி’ என்றும் எழுதலாம். புலப்பதிவி என்று சுருக்க ஆசை வரும். ஆனால் அவசரத்தில் படிப்பவர் அதைப் பதவி என்று படித்துவிடுவார்.

பதிவு என்று பெயர் வைத்துவிட்டால் தேர்வின் முதல் அளவுகோல் தெளிவாகிறது. பழைய வண்ணாரப்பேட்டையின் ஒடுங்கிய தெரு ஒன்றில் இருபுறமும் மாடிகள் வானத்தை மறைக்கும் இடத்தில் ரோவருக்கு ஃபிக்ஸ் (துல்லியமாக உறுதிப்பட்ட இருப்பிடம்) கிடைக்காது; டோட்டல் ஸ்டேஷனை வைத்துத்தான் வடிகாலின் மட்டங்களை எடுக்க வேண்டும். உதவியாளரான செயின்மேன், டோட்டல் ஸ்டேஷன் குறிபார்க்கும் ப்ரிசம் கம்பை 1.50 மீட்டரிலிருந்து 1.80க்கு உயர்த்திவிட்டுச் சொல்ல மறந்துவிடுகிறார் என்று வையுங்கள். அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு புள்ளியும் உண்மையைவிட 30 சென்டிமீட்டர் மேலே பதிவாகும். தட்டையான வடசென்னையில் அந்த வித்தியாசம் போதும், தண்ணீர் ஓட வேண்டிய திசையே படத்தில் மாறிவிடும். கிடைக்கோணம், நிலைக்கோணம், சாய்தூரம், கருவி உயரம், ப்ரிசம் உயரம் ஆகியவற்றைப் பார்த்தபடியே பதிந்து வைக்கும் மென்பொருளில், அந்த ஒரு எண்ணை அலுவலகத்தில் திருத்தினால் மட்டங்கள் எல்லாம் சரியாகிவிடும். கணக்கிட்டு முடித்த ஆயங்களை மட்டும் சேகரித்துக் கொடுக்கும் மென்பொருளில், எந்தப் புள்ளியிலிருந்து தவறு தொடங்கியது என்று தேடப் பிடிமானம் இல்லை. பெரும்பாலும் தெருவுக்கே திரும்பிப் போக வேண்டிவரும். ரோவரைக் கொண்டு அந்த இடத்திலேயே இருப்பிடம் காணும் ஆர்டிகே வேலையிலும் அப்படியே. புள்ளி ஃபிக்ஸில் எடுக்கப்பட்டதா, இன்னும் உறுதிப்படாத ஃப்ளோட்டில் எடுக்கப்பட்டதா, எத்தனை நொடி நின்று எடுத்தது, ஆன்டெனா உயரம் எவ்வளவு என்பவை புள்ளியோடு சேர்ந்தே பதிவாக வேண்டும். துறைமுகத்தை ஒட்டி அடுக்கப்பட்ட கன்டெய்னர்களின் அருகே சமிக்ஞை எதிரொலித்து வரும். பின்னால் ஐயம் எழுந்தால் இந்த விவரங்கள்தான் சாட்சி.

அடுத்து வருவது கருவியோடுள்ள பொருத்தம். ட்ரிம்பிள் ஆக்சஸ், லைக்கா கேப்டிவேட் போன்றவை முதன்மையாகத் தத்தம் நிறுவனத்தின் கருவிகளுக்காக எழுதப்பட்டவை. கார்ல்சன் சர்வ்பிசி, ஃபீல்ட்ஜீனியஸ் போன்றவை பல நிறுவனங்களின் கருவிகளோடு பேசக்கூடியவை. ஒரே நிறுவனத்தின் கருவிகளை மட்டுமே வைத்திருப்பவருக்கு முன்னது வசதி. ஒரு டோட்டல் ஸ்டேஷனைச் சொந்தமாக வைத்துக்கொண்டு ரோவரை வாடகைக்கு எடுக்கும் சிறிய அலுவலகத்துக்குப் பின்னதே உகந்தது. கருவி பழையதாக இருந்தால் இயங்குதளத்தையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் சிஇ வரிசையின் கடைசிப் பதிப்புக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதை நம்பியிருக்கும் கருவியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். க்யூஃபீல்ட், எஸ்டபிள்யூ மேப்ஸ் போன்ற செயலிகள் செலவில்லாமல் கிடைக்கின்றன. தெருவிளக்கு, மேன்ஹோல் கணக்கெடுக்க அவை நன்றாகவே உதவும். ஆனால் முன்பே தெரிந்த புள்ளியைப் பேக்சைட் பார்த்து டிராவர்ஸை முடித்துச் சரிசெய்யும் வேலைக்காக அவை உருவானவை அல்ல.

அலகுகளை நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கலாம். ஒரு லிங்க் என்பது 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். கருவியோ மீட்டரில் பேசும். வீட்டுக்காரர் கிரவுண்டில் கேட்பார். 2,400 சதுர அடி கொண்ட அந்தக் கிரவுண்ட் ஏறத்தாழ 223 சதுர மீட்டர். இவற்றை மாற்றித் தரும் வசதியோடு, புலப்படத்தின் அடிக்கோட்டையும் அதிலிருந்து செங்குத்தாக எடுத்த ஆஃப்செட்டுகளையும் உள்ளிட்டு எல்லைக்கல் நின்ற இடத்தைத் தரையில் காட்டும் வசதியும் மென்பொருளில் இருந்தால் பாதி நாள் மிச்சம்.

தெருப்பெயரைத் தமிழில் பதிகிறவர்கள், விற்பனையாளர் செய்துகாட்ட வரும் அன்றே ஒரு சோதனை செய்யலாம். ‘மேற்கு மாட வீதி’ என்று ஒரு புள்ளிக்குக் குறிப்பு எழுதி, அதை ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருள்கள் திறக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அலுவலகத்துக் கணினியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோகேட் 2007க்கு முந்தைய வடிவத்தில் ஏற்றுமதி செய்யும் மென்பொருளானால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரக்கூடும். 2007 வடிவமும் அதற்குப் பிந்தையவையும் யூனிகோடைத் தாங்கும்.