எட்டாத இடத்துக்குக் காவல் எதற்கு?

2014 நவம்பர் 29. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி மிச்சிகனோடு ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜே.டி. பேரட்டின் கணுக்கால் முறிந்தது. அந்த இடத்துக்கு முதலில் உரியவரான பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்ட்டிலேயே தோள்பட்டைக் காயத்தோடு உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இருந்தவர் மூன்றாவது ஆள், கார்டேல் ஜோன்ஸ். ஒரு கல்லூரி ஆட்டத்தைக்கூட அவர் ஆரம்பத்திலிருந்து ஆடியதில்லை. ஒரு வாரம் கழித்து விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கினார்கள். அப்புறம் அலபாமாவை 42-35. 2015 ஜனவரி 12 அன்று ஆரிகனை 42-20. தேசியக் கோப்பை கைக்கு வந்தது.

அதிர்ஷ்டக் கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் கண் நின்றது வேறொரு கணக்கில். பந்தைச் சுமந்து ஓடும் எசக்கியேல் எலியட் அந்த மூன்று ஆட்டங்களில் எடுத்த தூரம் 220, 230, 246 யார்டு. மாறியவர் எறிகிறவர். அதனால் ஓடுகிறவருக்கு ஏன் வழி திறக்க வேண்டும்?

சரி, அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்களுக்கு நாலு வரி. பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். யார்டு என்பது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு எறியலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். அவரால் எதைச் செய்ய முடியாது என்பது எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், மற்ற பத்துப் பேரின் வேலையும் மாறிவிடும்.

தடுக்கும் அணியின் கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு சேஃப்டி என்று பெயர், பெரும்பாலும் இரண்டு பேர். குவார்ட்டர்பேக்கால் 50 யார்டு எறிய முடியும், எறியவும் செய்வார் என்றால் அவர்கள் பின்னாலேயே நின்றாக வேண்டும். அவர் கை 25 யார்டோடு நின்றுவிடும் என்றால், ஒருவர் முன்னால் வந்து ஓட்டத்தை மறிக்கலாம். ஸ்வீப் ஆடவே தெரியாத பேட்ஸ்மேனுக்கு டீப் ஸ்கொயர் லெக்கில் ஆள் நிறுத்துவானேன்? கேப்டன் அவரைக் கூப்பிட்டு பேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்.

ஜோன்ஸின் கை பெரிய கை. விஸ்கான்சினுக்கு எதிராக அவர் எறிந்த மூன்று டச்டவுன்களும் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன்) நெடுந்தூர எறிவுகள், மூன்றையும் பிடித்தவர் டெவின் ஸ்மித். பின்னால் இப்படி ஒரு பயம் இருக்கும்போது முன்னால் எலியட்டை மறிக்க ஒரு ஆள் குறைவு. பேரட்டுக்குத் தூரம் எறியவே வராது என்று சொல்லவில்லை. காயத்துக்கு முன் அந்தப் பருவத்தில் 34 டச்டவுன் எறிந்தவர் அவர். ஆனால் அவருடைய பலம் குறுகிய எறிவும், தானே ஓடுவதும். எலியட்டுக்கு முன்னால் வழி வெட்டிய முன்வரிசைக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கை வலுவின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதானத்தின் அகலம் 160 அடி. பந்தை எந்த இடைவெளிக்குள் வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பதற்கு ஹேஷ் கோடுகள் உண்டு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் அவற்றுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான். பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். கல்லூரியில் 40 அடி. பந்து இடது ஹேஷில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அந்த அகலப் பக்கத்தின் ஓரத்துக்கு, ரிசீவர் 11 மீட்டர் முன்னேறித் திரும்பும் இடத்துக்கு, எறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்டர்பேக் 5 மீட்டர் பின்னால் நிற்கிறார். பந்து முன்னோக்கிக் கடக்க வேண்டியது 16 மீட்டர், குறுக்கே சுமார் 28 மீட்டர். பிதாகரஸ் கணக்கில் 32 மீட்டர். பத்து மீட்டர்ச் சொச்சம் முன்னேற எத்தனை நீளமான எறிவு பாருங்கள்!

காற்றின் தடையை மறந்துவிட்டால், மணிக்கு 95 கிலோமீட்டரில் போகும் பந்து அந்தத் தூரத்தை 1.2 நொடியில் கடக்கும். 80 கிலோமீட்டரில் போனால் 1.45 நொடி. வித்தியாசம் கால் நொடி. காவலுக்கு நிற்பவர் நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவர் என்றால், அந்தக் கால் நொடியில் 2 மீட்டர் நெருங்கிவிடுவார். ரிசீவர் கைக்குப் போக வேண்டிய பந்து காவல்காரர் கைக்குப் போய்விடும். இப்படி இரண்டு முறை நடந்தால் அகலப் பக்கத்து ஓரத்தைத் தாக்கும் அணியே கைவிட்டுவிடும். மைதானம் சுருங்கிவிட்டது. வலு குறைந்த கைக்கு ஒரு மாற்று வழி உண்டு: ரிசீவர் திரும்புவதற்கு முன்பே எறிந்துவிடுவது. கைக்கு இல்லாததைத் தலை ஈடுகட்ட வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும். பருவம் நடக்கும்போது கல்லூரி மாணவருக்கு வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி சொல்கிறது.

இனி கால்கள். பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்த பிறகு குவார்ட்டர்பேக் வேடிக்கை பார்க்கிறார். சுமப்பவரையும் அவரையும் கழித்தால் மறிக்க 9 பேர், எதிரே 11. 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் சிறிய கல்லூரியான கிளென்வில் ஸ்டேட்டில் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகெஸ் இந்தக் கணக்கை உடைத்தார். ஆரம்பம் ஒரு தடுமாற்றம் என்பார்கள். பந்தைக் கொடுக்க முடியாமல் தடுமாறிய குவார்ட்டர்பேக், ஓரத்துக் காவலர் உள்ளே பாய்வதைப் பார்த்து, அவர் விட்டுவந்த இடத்தின் வழியே தானே ஓடிவிட்டார். அதுவே ‘ஸோன் ரீட்’ என்ற உத்தி ஆனது. ஓரத்தில் நிற்பவரை யாரும் மறிப்பதில்லை. அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடம் போகும். ஒரு ஆளைக் கண்ணாலேயே மறித்தாயிற்று. ஆனால் குவார்ட்டர்பேக்குக்கு ஓட வராது என்றால் அந்த ஓரத்து ஆள் எந்தப் பயமும் இல்லாமல் உள்ளே பாய்வார், வித்தை அத்தோடு முடிந்தது.

இதே தந்திரத்தை எறிவுக்கும் நீட்டினார்கள். முழு மைதானத்தையும் வாசிக்கத் திணறும் பையனிடம், முன்வரிசைக்குப் பின்னால் காவல் நிற்கும் அந்த ஒரு லைன்பேக்கரை மட்டும் பார், அவன் முன்னே வந்தால் அவன் தலைக்குப் பின்னால் எறி, வராவிட்டால் பந்தைக் கொடு என்பார்கள். கல்லூரி விதியும் ஒத்துழைக்கிறது. எறிவு நடக்கும்போது முன்வரிசைக்காரர்கள் 3 யார்டு வரை முன்னே போயிருக்கலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். அதனால் ஓட்டமா எறிவா என்று கடைசி வரை தெரியாது.

குறை எப்போதும் ஒரே திசையில் வேலை செய்வதில்லை என்பதற்கு ஜார்ஜியா டெக் நல்ல உதாரணம். பால் ஜான்சன் பயிற்சியில் அவர்கள் எறிவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டு ஓட்டத்திலேயே வாழ்ந்தார்கள். 2009இல் குவார்ட்டர்பேக் ஜோஷ் நெஸ்பிட் எறிந்த பந்துகளில் பாதிக்கும் குறைவானவைதான் பிடிபட்டன. ஆனால் அதே பருவத்தில் ரிசீவர் டெமேரியஸ் தாமஸ் 46 பந்து பிடித்து 1,154 யார்டு எடுத்தார், ஒரு பிடிக்கு 25 யார்டு. எல்லாக் காவலர்களும் ஓட்டத்தை மறிக்க முன்னால் வந்து நின்றதால் பின்னால் மைதானம் காலியாகக் கிடந்தது.

ஒருவரின் குறையை இன்னொருவரால் ஒட்டுப்போடுவதும் உண்டு. 2014இல் ஓஹையோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் அர்பன் மேயர், 2006இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியில் செய்தது அதுதான். கிரிஸ் லீக் நன்றாக எறிவார், மேயரின் ஆட்டத்துக்கு வேண்டிய ஓட்டம் கிடையாது. எனவே குறைந்த தூரம் தேவைப்படும்போது முதலாண்டு மாணவர் டிம் டீபோ உள்ளே வருவார். அவர் வந்தாலே ஓட்டம் என்று அரங்கம் முழுக்கத் தெரியும், அதுதான் ஒட்டுப்போடுவதில் உள்ள சிக்கல். அக்டோபர் 7 அன்று எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராக, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் டீபோ முட்டி மோதப் போவதுபோல் இரண்டு எட்டு வைத்தார். எல்லோரும் அவர்மேல் பாய வந்தார்கள். அவர் அப்படியே எம்பிக் குதித்து, பின்னால் தனியே நின்ற டேட் கேஸியிடம் பந்தைத் தூக்கிப் போட்டார். டச்டவுன். அந்த ஆண்டுக் கோப்பையும் ஃபுளோரிடாவுக்குத்தான்.

2015இல் மேயர் இதையே ஜோன்ஸையும் பேரட்டையும் வைத்துச் செய்து பார்த்தார். ஜோன்ஸ் ஆடுவார், எல்லைக் கோடு நெருங்கினால் பேரட் வருவார். அது ஒட்டவில்லை. கடைசியில் பேரட்டே முழு நேரக் குவார்ட்டர்பேக் ஆனார். நவம்பர் 21 அன்று மழையில் மிச்சிகன் ஸ்டேட் வந்தது, தன் முதல் குவார்ட்டர்பேக் காயத்தில் இருக்க, மாற்று ஆட்கள் இருவரை வைத்துக்கொண்டு. ஓஹையோ மொத்தமே 132 யார்டுதான் எடுத்தது. எலியட்டிடம் 12 முறைதான் பந்து போனது, 33 யார்டு. கடைசி நொடியில் மிச்சிகன் ஸ்டேட் 41 யார்டிலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்த பந்தில் 17-14 என்று தோல்வி. ஏன் எனக்குப் பந்து தரவில்லை என்று எலியட் ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாகவே கேட்டார்.

அடுத்த வாரம் மிச்சிகனுக்கு எதிராக அதே பேரட், அதே கை. இந்த முறை அவரை ஓடவும் விட்டார்கள், எலியட்டிடம் 30 முறை பந்தைக் கொடுத்தார்கள். 214 யார்டு, 42-13. ஆனால் இந்த அணிகள் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போனது மிச்சிகன் ஸ்டேட்.