ஆபரேஷனில் தவறு நடந்ததாகச் சந்தேகமா? முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்காக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். அந்த டாக்டரை உள்ளே தள்ள முடியுமா, நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்? அவர் நாளைக்கும் இதே ஆபரேஷனை இன்னொருவருக்குச் செய்யப் போகிறாரே, அதை யார் பார்ப்பது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

அதைப் பார்க்க வேண்டியது சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். டாக்டரை எச்சரிக்கவும், பதிவேட்டிலிருந்து அவர் பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நஷ்டஈடு மட்டும் அங்கே கிடைக்காது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம். போலீஸ் புகார் தனிக் கதை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் கிரிமினல் வழக்கு, அதுவும் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தை வாங்கிய பிறகே என்று சொல்லிவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு மோசமாகிவிட்டது என்பது மட்டுமே தவறு நடந்ததற்குச் சாட்சி ஆகாது, இதை என்னிடம் வரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை போட்டு, பித்தப்பையை எடுக்கும்போது பித்தநாளத்தில் காயம் படுவது எங்குமே அபூர்வமாக நடக்கக்கூடிய ஒன்று, கைதேர்ந்த சர்ஜனுக்கும் நடக்கும். ஆனால் மறுநாளே வயிறு உப்பி, வலி தாங்காமல், கண் மஞ்சளாகத் தொடங்கிய நோயாளியை, "கேஸ் டிரபிள்தான், சரியாகிவிடும்" என்று ஸ்கேன்கூட எடுக்காமல் நாள்கணக்கில் படுக்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பாமல் இருந்தால், கவுன்சில் கேள்வி கேட்க வேண்டியது அந்த நாட்களைப் பற்றித்தான். வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைப்பது வேறு ரகம், அதற்குச் சமாதானமே கிடையாது.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதைக் கேஸ் ஷீட்தான், அதாவது ஆஸ்பத்திரியில் உங்கள் சிகிச்சை பற்றி எழுதி வைக்கும் முழுப் பதிவுதான் சொல்லும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்கள் எழுதும் சார்ட், நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், கொடுக்க மறுப்பதே தனியாக ஒரு நெறிமீறல். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

புகாரில் "கொலைகாரன்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் படிக்கப் போகிறவர்கள் மருத்துவர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னோம், என்ன செய்யவில்லை என்று வரிசையாக எழுதினால்தான் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. பல புகார்கள் அதையும் தாண்டி இழுக்கின்றன, இதில் எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு. அதுவரை அந்த டாக்டர் அதே ஆபரேஷனைத் தொடரலாம். இத்தனைக்கும், விசாரணை நடக்கும்போதே சர்ச்சைக்குரிய அந்த ஆபரேஷனை மட்டும் அந்த டாக்டர் செய்யக் கூடாது என்று தடுக்கவும் அதே விதிகளில் இடம் இருக்கிறது. புகாரிலேயே அந்தத் தடையை வெளிப்படையாகக் கேளுங்கள், பலர் கேட்பதே இல்லை.

அந்தத் தடை காகிதத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜயந்த் படேல் என்ற சர்ஜனின் கதை இருக்கிறது. ஜாம்நகரில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். 2000இல் ஒரிகன் மாநிலம் சில அறுவை சிகிச்சைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது, அடுத்த ஆண்டு நியூயார்க்கில் உரிமத்தையே ஒப்படைக்க வேண்டி வந்தது. ஆனாலும் 2003இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் அரசு மருத்துவமனை இதையெல்லாம் சரிபார்க்காமலே அவரை வேலைக்கு எடுத்தது. டோனி ஹாஃப்மன் என்ற நர்ஸ் அவருடைய ஆபரேஷன்களைப் பற்றி விடாமல் புகார் கொடுத்து, 2005இல் அது குயின்ஸ்லாந்து மாநில நாடாளுமன்றம் வரை போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அப்புறம், மேல்முறையீடு. 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, கவுன்சில் முடிவை எதிர்த்துப் போகும் உரிமையைப் பற்றிப் பேசும்போது மருத்துவரை மட்டுமே குறிப்பிடுகிறது. பாதிக்கப்பட்டவரைச் சட்டத்தில் விட்டுவிட்டது பெரிய அநியாயம். ஆனால் 2002 விதிகளில், முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருக்கிறது. உங்கள் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டால் அந்த விதியைச் சுட்டிக்காட்டி 60 நாட்களுக்குள் மனுவைப் போடுங்கள்; ஏற்க மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.